அலைபேசி காட்டும் எண்ணும் நாம் எடுக்கும் அடியும்

“மூணு மாசமா தினமும் எட்டாயிரம் அடி நடக்கிறேன் டாக்டர். எடை ஒரு கிலோகூடக் குறையலையே!” எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்த ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, தம் அலைபேசியை மேசைமீது வைத்தபடி இவ்வாறு கேட்டார். திரையில் நாள்தோறும் இலக்கைத் தொட்டதற்கான பச்சை வட்டங்கள் வரிசையாக இருந்தன. அவர் பொய் சொல்லவில்லை; அலைபேசியும் பொய் சொல்லவில்லை.

நடை முடிந்து வீடு திரும்பியதும் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டோம். சர்க்கரை சேர்த்த காப்பியும் இரண்டு மெதுவடையும் என்றார். “அவ்வளவு நடந்திருக்கிறோமே என்றுதான்” என்று சற்றுத் தயக்கத்துடன் சிரித்தார். சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 150 கலோரியே செலவாகும். அந்தச் சிற்றுண்டி அதைவிட அதிகமாகவே திருப்பித் தந்துவிடும். அலைபேசி அடிகளை எண்ணியது, தட்டை எண்ணவில்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடை மிகுந்த 471 இளவயதினரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்து, 2016ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அனைவருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனைகள் அளிக்கப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் ஒரு பிரிவினர் உடலில் அணியும் கருவியையும் பயன்படுத்தினர். இறுதியில் கருவி அணிந்தோர் சராசரியாக 3.5 கிலோ குறைந்திருந்தனர், அணியாதோர் 5.9 கிலோ குறைந்திருந்தனர். கருவி இருப்பதாலேயே எடை குறைந்துவிடாது என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

அப்படியெனில் அலைபேசியால் பயனில்லையா? உண்டு. 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நம் மக்களிடையே நடந்தது. சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள், நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்தனர். தொடக்கத்தில் அனைவருக்கும் நேரடி அறிவுரை வழங்கப்பட்டது. பின்னர் ஒரு பிரிவினருக்கு மட்டும், அவரவர் மனநிலைக்கேற்ற குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் குறுஞ்செய்தி பெற்றோரில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு ஏற்பட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி, சாதாரண அலைபேசியே இதற்குப் போதுமானதாக இருந்தது.

எண்ணைப் பார்ப்பதோடு நின்றால் அது வெறும் கணக்கு. அதைக் கொண்டு அடுத்த வாரம் எதை மாற்றுவது என்று முடிவெடுத்தால்தான் அது மருத்துவத்துக்கு உதவும்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதல் வாரம் எதையும் மாற்றாமல், வழக்கமாக எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். பின்னர் அந்த அளவுடன் நாளொன்றுக்கு 500 முதல் 1,000 அடிகளைக் கூட்டுங்கள். பத்தாயிரம் அடி என்ற இலக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அது மருத்துவ விதி அன்று. அதை எட்டவில்லையே என வருந்த வேண்டாம். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் அடிப்படை அளவு.

கருவி காட்டும் ‘செலவான கலோரி’ தோராயமானதே. அதை நம்பிக் கூடுதலாக உண்ண வேண்டாம். சில நாள்களுக்கு உணவுத் தட்டை அலைபேசியில் படம் எடுத்து வைத்தாலே பல உண்மைகள் தெரியவரும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் எடை பாருங்கள். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீரடையத் தொடங்கும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்

“இன்றைக்கு இவ்வளவுதானா?” என்று கேட்கும் வீட்டில், அலைபேசியை மறைத்து வைக்கும் பழக்கமே வளரும். “வாருங்கள், சேர்ந்து நடப்போம்” என்று அழைத்துப் பாருங்கள்.

எச்சரிக்கை

நடக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள். இலக்கை முடிக்க முயல வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்வோரும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோரும் நடையைக் கூட்டும் முன் எங்களிடம் கலந்துபேசுங்கள், தாழ்சர்க்கரை ஏற்படலாம். நீரிழிவு உள்ளோர் நடை முடிந்ததும் பாதங்களைப் பார்ப்பது அவசியம்.

அந்தப் பெண்மணிக்கு நாங்கள் புதிய மருந்து எதுவும் எழுதவில்லை. நடையை அப்படியே தொடரவும், வடையை வாரம் ஒரு நாளுக்கு மாற்றவும், தட்டின் படங்களுடன் வரவும் சொன்னோம். அடுத்த முறை வந்தபோது எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. பச்சை வட்டங்களில் சில விடுபட்டிருந்தன. அதைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன் உங்கள் அலைபேசிப் பதிவையும் கொண்டு வாருங்கள். குறைந்த நாள்களையும் மறைக்காமல் காட்டுங்கள். எங்கே உதவ வேண்டும் என்பது அந்த நாள்களிலிருந்துதான் எங்களுக்குத் தெரியும்.