டிவி எவ்வளவு திரும்பும்? ஒரு சைன் கணக்கு

திருப்பும் வகை டிவி பிராக்கெட் பெட்டிகளில் ‘180 டிகிரி திரும்பும்’, அதாவது பக்கத்துக்கு 90 என்று போட்டிருப்பார்கள். பிராக்கெட்டின் கீலுக்கு அது சரி. மாட்டின டிவி அவ்வளவு திரும்புமா என்பது வேற கணக்கு.

எங்க தென்காசி வீட்டில் அப்பாவால் இப்போது வெகுநேரம் உட்கார முடியாது. கட்டிலில் படுத்தபடியே பார்க்கணும். கட்டில், டிவிக்கு முன்னால் 2 மீட்டர், பக்கவாட்டில் 2 மீட்டர். ரெண்டும் சமம், அதனால் தேவையான கோணம் 45 டிகிரி.

55 இஞ்ச் என்பது மூலைவிட்டம். 16:9 திரையில் அகலம் சுமார் 122 செ.மீ., பாதி 61. டிவியைத் திருப்பினால் ஒரு ஓரம் சுவரை நோக்கிப் போகும். எவ்வளவு? பாதி அகலம் × கோணத்தின் சைன்: 61 × 0.707 = 43 செ.மீ. விரல் நுழைய 3 சேர்த்தால் 46. பிராக்கெட்டின் கை அவ்வளவு நீளணும். 40 செ.மீ. மட்டும் நீளும் கையில் இதே டிவி 41 டிகிரியிலேயே சுவரில் முட்டிவிடும். முழு 90 வேணும்னா 61-க்கு மேல்.

மறு ஓரம் அறைக்குள் வரும். 46 + 43, கூடவே டிவியின் தடிமன்: சுவரிலிருந்து ஏறத்தாழ 95 செ.மீ. பத்தடி அறையில் இது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பீரோ கதவு அங்கே திறக்குதா, ராத்திரி அப்பா எழுந்து நடக்கும் வழி அதுதானா என்று பார்க்கணும்.

அடுத்தது பளு. டிவி 15 கிலோ, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 20 செ.மீ. என்று வைப்போம். 46 செ.மீ. நீட்டினால் மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை 15 × 46 ÷ 20, அதாவது சுமார் 35 கிலோ எடைக்குச் சமம். சுவரோடு 6 செ.மீ.க்கு மடக்கினால் 4.5 கிலோதான். பூச்சு இந்த இழுப்பைத் தாங்காது. ஆங்கர் செங்கலுக்குள் இறங்கணும். துளை போடும்போது சிவப்புப் பொடி வருதான்னு கவனிங்க. சாரல் காலத்தில் ஓதம் ஏறி உப்பின சுவரைத் தவிர்த்துடுங்க.

வயர்களின் நீளத்தை மடக்கின நிலையில் அளக்கக் கூடாது. முழுசா நீட்டி, திருப்பி வைத்து அளக்கணும்.

வாங்குவதற்கு முன்னால் 122 செ.மீ. கம்பு ஒன்றின் நடுவைச் சுவரிலிருந்து 46 செ.மீ. தள்ளிப் பிடித்து, அறையில் ஒருமுறை திருப்பிப் பாருங்க. கடையில் டிகிரியைக் கேட்காமல், கை எத்தனை செ.மீ. நீளும்னு கேளுங்க.