வலி போனதும் வேர் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை

இரவெல்லாம் தூங்கவிடாத பல்வலி. டாக்டரிடம் போகிறோம். "வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இரண்டு மூன்று தடவை வாருங்கள்" என்கிறார். முதல் தடவையிலேயே வலி நின்றுவிடுகிறது. "இனி எதற்குப் போக வேண்டும்?" என்று இருந்துவிடுகிறோம். நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான திசு இருக்கிறது. அது வேரின் நுனிவரை செல்லும் வழியே வேர்க்குழாய். சொத்தை ஆழமாகிக் கிருமிகள் உள்ளே புகுந்தால் இந்தத் திசு அழுகிவிடும். டாக்டர் பல்லைத் திறந்து அதை அகற்றியதும் உள்ளிருந்த அழுத்தம் குறைகிறது, வலியும் அடங்குகிறது. ஆனால் கிருமிகள் முழுவதும் போய்விடவில்லை.

ஏனென்றால் வேர்க்குழாய் நேரான ஒற்றைக் குழாய் அல்ல. மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர்கள் மூன்று. குழாய்களோ பெரும்பாலும் நான்கு. அந்த நான்காவது மிகக் குறுகலானது, எளிதில் கண்ணில் படாது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரே வேருக்குள் இரண்டு குழாய்களும், அவற்றை இணைக்கும் மெல்லிய இடுக்கும் இருப்பதுண்டு. வேர் நுனியருகே பக்கக் கிளைகளும் பிரியும்.

ஃபைல் என்னும் மெல்லிய அரம் இந்த இடுக்குகளுக்குள் போகாது. குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அரம் தொடாமலே விடுபடக்கூடும் என்று நுண் சிடி ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன.

அங்கெல்லாம் சென்று சுத்தம் செய்வது மருந்து நீர்தான். முக்கியமானது சோடியம் ஹைப்போகுளோரைட். முதல் உலகப் போரில் வீரர்களின் காயங்களைக் கழுவ ஹென்றி டேக்கின் இதை 0.5 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்தினார். இது கிருமிகளைக் கொல்லும். அழுகிய திசுவையும் கரைக்கும். அரம் தேய்த்ததால் சுவரில் படியும் தூளை இடிடிஏ என்ற மற்றொரு கரைசல் நீக்கும். அல்ட்ராசோனிக் கருவியால் நீரை அதிரவைத்தால் அது இடுக்குகளுக்குள் நன்றாகப் பாயும். ஹைப்போகுளோரைட் காரமானது, வாயிலோ தொண்டையிலோ படாமலிருக்கவும், எச்சில் பல்லுக்குள் போகாமலிருக்கவும் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்புப் போடுவார்கள். அது சிரமமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில பற்களுக்கு ஒரே தடவையில் வேலை முடியும். மற்றவற்றில் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். அந்த அடைப்பு நாளடைவில் தேய்ந்து கசியும். எச்சிலோடு கிருமிகள் மீண்டும் நுழையும். செய்த வேலை வீணாகி, பல்லையே பிடுங்க நேரலாம்.

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டாலும் தீராது. திசு அழிந்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. மருந்து அங்கே போய்ச் சேராது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.

வலி இல்லாவிட்டாலும், சொன்ன தேதியில் போய்ச் சிகிச்சையை முடித்து, தேவையென்றால் கேப்பும் போட்டுக்கொள்ளுங்கள். சொந்தப் பல்லுக்கு ஈடான பல்லை எவ்வளவு செலவழித்தாலும் வாங்க முடியாது.