சுவரில் வாழும் ஈப்புலி

சிலந்தி என்றதும் வலையே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் வலை பின்னி இரைக்குக் காத்திராமல், பாய்ந்து பிடிக்கும் சிலந்திகளும் உள. அவற்றைத் தமிழர் ‘ஈப்புலி’ என்றனர். பதுங்குதல், உற்று நோக்குதல், பாய்தல் ஆகிய மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிய பெயர் இது.

இக்குடும்பத்துப் பேரினங்களுள் ஒன்று ‘பிளெக்சிப்பஸ்’. செருமானிய அறிஞர் கோக் 1846இல் சூட்டிய பெயர் இது. இதில் அடங்கும் ‘பைக்குல்லி’ என்னும் இனம், 1826இல் எகிப்து நாட்டு உயிரினங்களை விளக்கும் நூலில் இடம்பெற்றது. இன்று வெப்ப நாடுகளெங்கும் வீட்டுச் சுவர்களில் வாழ்கிறது. இதன் நீளம் ஏறத்தாழ 1 செ.மீ. ஆணின் கரிய உடலில் வெண்பட்டைகள் ஓடும்; பெண் பழுப்பு நிறமுடையது.

இதற்குக் கண்கள் எட்டு. முன்னிரு பெருங்கண்களின் வில்லைகள் அசையா. உள்ளிருக்கும் விழித்திரையே தசைகளால் நகர்ந்து இரையை ஆராய்கிறது. பாயுமுன் ஓர் இழையைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. குறி தவறினும் அவ்விழை அதனைத் தாங்கும்.

பாய்ச்சலின் நுட்பத்தை அறியத் திருப்பெரும்புதூர் – ஒரகடம் சாலையில் நின்றாலே போதும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், ஏரியும் வயலுமாயிருந்த இப்பகுதி ஆலைகளின் வரிசையாக மாறிவந்துள்ளது. அங்கு மண்ணள்ளும் பொக்லைன் இயந்திரத்தின் கையை நீட்டுவது எண்ணெயின் அழுத்தம். சிலந்தியின் காலை மடக்கத் தசைகள் உண்டு. அதன் முதன்மை மூட்டுகளை நீட்டத் தசை இல்லை. உடலின் குருதிநீர் அழுத்தமே அப்பணியைச் செய்கிறது. அழுத்தம் நீங்குவதாலேயே இறந்த சிலந்தியின் கால்கள் சுருண்டு கிடக்கின்றன. மனிதன் ஆலையில் வார்த்த நுட்பத்தை, இயற்கை ஒரு நகத்தளவு உயிரில் முன்பே அமைத்துவிட்டது.

ஆலை வாயில்களிலும் தொழிலாளர் விடுதிகளிலும் இரவெல்லாம் எரியும் விளக்குகள் பூச்சிகளை ஈர்க்கின்றன. அத்தகைய விளக்கோரச் சுவர்களே ஈப்புலியின் வேட்டைக்களம். ஈயையும் கொசுவையும் உண்ணும் இதனால் நமக்குக் கேடில்லை. எனினும் கொசுவுக்கென நாம் தெளிக்கும் நஞ்சு, கொசுவைத் தின்னும் இதனையும் கொல்கிறது. ஒட்டடைக்கோலும் வேறுபாடு அறியாது.

உயிர் மறையுமுன் அதன் பெயர் மறைவதும் உண்டு. ‘ஜம்பிங் ஸ்பைடர்’ என அறிந்த மாணவருள் எத்தனை பேர் ஈப்புலியை அறிவர்? அகராதியில் உறங்கும் அச்சொல்லை வகுப்பறைக்குக் கொணர்வோம்; சுவரிலிருக்கும் அவ்வுயிரை வாழவிடுவோம். பெயரறிந்த உயிரைக் கொல்லக் கை சற்றே தயங்கும்.