வறள்விழி

கண்ணீர் துயரின் அடையாளம் மட்டுமன்று, பார்வையின் காவலுமாகும். விழியைப் போர்த்த கண்ணீர்ப் படலத்தின் அடியிற் சீதமும், இடையில் நீரும், மேலே நெய்ப்பசையும் உள. நெய்ப்பசை சுரக்கும் இமைச் சுரப்பிகளை 1666 இல் ஜேர்மானிய மருத்துவர் மைபோம் விவரித்தார். அப்பசை குறையின் நீர் விரைந்து ஆவியாகும், விழி எரியும். அவ்வெரிச்சலாற் கண்ணீர் பெருகுதலும் உண்டு. ஆதலின், நீர் வடியுங் கண்ணில் வறட்சியில்லை எனக் கொள்ளல் தவறு.

1903 இல் ஷிர்மர் வகுத்த சோதனையில், கீழிமையிற் செருகிய வடிதாள் 5 நிமிடத்தில் 5 மில்லிமீற்றரேனும் நனையாவிடின், நீர்ச்சுரப்புக் குறைவென்பர்.

வாசிக்கும்போது இமைத்தல் குறையும். எனவே இடையிடையே ஓய்வு வேண்டும். இளஞ்சூட்டு ஒற்றடம் உறைந்த நெய்ப்பசையை இளக்கும். செயற்கைக் கண்ணீர் ஈரந் தரும். வறட்சி முற்றின் கருவிழி புண்பட்டுப் பார்வை மங்கலாம். ஆதலின் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.