சுண்ணாம்பு பூசாத கலயம்

பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது, அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் விடிந்ததும் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். மரமும் பாளையும் சொட்டிய சாறும் ஒன்றுதான். சுண்ணாம்பின் காரத்தில் பிழைக்க முடியாத ஓர் உயிர், அது இல்லாத கலயத்தில் இரவெல்லாம் சர்க்கரையைத் தின்று பெருகியிருக்கிறது. அந்த உயிர்தான் ஈஸ்ட். யாரும் கொண்டுபோய்ப் போடுவதில்லை. பாளையிலும் பூச்சிகளின் காலிலும் பழைய கலயத்தின் சுவரிலும் அது முன்பே இருக்கிறது.

பள்ளிப்பட்டு கடைத்தெருவில் ஈஸ்ட் கேட்டால் கைக்கு வருவது, மணல்போல் உதிரும் பழுப்புக் குருணை. பன்னுக்கும் பிரெட்டுக்கும் போடுகிற பேக்கரி சாமான். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு நம் பேச்சில் வேலை இல்லை. மளிகை அலமாரியில் ஆப்பசோடாவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டும் ஒரே வகைச் சரக்கு என்று நினைப்பவர்கள் பலர். ஆப்பசோடா ஓர் உப்பு. புளிப்பு பட்டவுடன் பொங்கி அடங்கிவிடும். ஈஸ்ட் உயிருள்ள பூஞ்சை, காளானுக்கு உறவு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். ஒரு கிராம் குருணையில் ஆயிரம் கோடிக்குக் குறையாத செல்கள் ஈரமில்லாமல் உறங்கிக் கிடக்கின்றன.

எழுப்பிப் பார்ப்பது எளிது. கண்ணாடி டம்ளரில் விரல் பொறுக்கும் சூட்டில் தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் ஈஸ்ட். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. குருணை கரைந்து தண்ணீர் கலங்கும். பிறகு அடியிலிருந்து கடுகளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வரும். பத்து நிமிடத்தில் விரற்கடை உயரத்துக்கு நுரை. குனிந்து முகர்ந்தால் இளங்கள்ளின் வாடை. கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. 60 டிகிரியைத் தொடுவதற்குள்ளேயே அது செத்துவிடும். பன் உப்பவில்லை என்று வருத்தப்படும் வீடுகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

சர்க்கரையைத் தின்ற ஈஸ்ட் இரண்டை வெளியே விடுகிறது: கரியமில வாயு, சாராயம். பன் மாவில் வாயு கோதுமையின் பசையில் சிக்கிக்கொள்ள, மாவு உப்புகிறது. சாராயம் அடுப்புச் சூட்டில் ஆவியாகிப் போகிறது. கலயத்தில் வாயு நுரையாகப் பறந்துவிட, சாராயம் தங்கிவிடுகிறது. பன்னும் கள்ளும் இந்த ஒரே வேலையின் இரண்டு முனைகள். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 ஜனவரி 1 முதல் தடை. எல்லை தாண்டி ஆந்திராவுக்குள் போனால் உரிமத்தோடு இறக்கலாம். ஈஸ்டுக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது.

அப்படியானால் இட்லி மாவு? அதையும் ஈஸ்ட்தான் பொங்க வைக்கிறது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஈஸ்ட் அதில் ஓரளவு இருக்கக்கூடும். ஆனால் பெரும் பங்கு லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுடையது. உளுந்தோடு வந்து சேரும் அது, வாயுவையும் புளிப்பையும் சேர்த்தே தருகிறது. பனிக்காலத்தில் மாவு பொங்காததால் குளிர்நாட்டுத் தமிழர்கள் சிலர் ஒரு சிட்டிகை ஈஸ்ட் சேர்த்துக்கொள்கிறார்கள். மாவு உப்பும், ஆனால் பழைய புளிப்பு வராது.

பள்ளிப்பட்டு, 1960 ஏப்ரல் வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த பகுதி. இன்றும் பல வீடுகளில் தமிழ், தெலுங்கு இரண்டு மொழியும் புழங்குகிறது. "மாவு புளிச்சிடுச்சு" என்பதை அடுத்த வீட்டில் "பிண்டி புலிசிந்தி" என்பார்கள். புளி, பொங்கு இரண்டும் இரு மொழிக்கும் சொந்தம். உயிரின் பெயர் தெரியாமலே அதன் வேலைக்கு நம்மவர்கள் சரியான பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்து ஈஸ்ட் என்ற சொல்லின் வேரும் கொதித்தல், நுரைத்தல் என்பதுதான். இலங்கைப் பாடநூல்களில் இதை மதுவம் என்று எழுதுகிறார்கள். நம் பாடநூல்கள் ஈஸ்ட் என்றே விட்டுவிட்டன. மதுவம் அழகான சொல், நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை. இன்னொரு பொருத்தமும் உண்டு. என்சைமுக்குத் தமிழில் நொதி என்கிறோம், நொதித்தலிலிருந்து வந்தது. 1877-ல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் கூனே உருவாக்கிய என்சைம் என்ற சொல்லுக்கும் கிரேக்கத்தில் 'ஈஸ்டினுள்' என்றே பொருள்.

1680-ல் டச்சுக்காரர் லேவன்ஹூக் பீரைத் தன் லென்சுக்கு அடியில் வைத்து ஈஸ்ட் உருண்டைகளைப் பார்த்தார். உயிர் என்று அவருக்குத் தோன்றவில்லை. நொதித்தல் உயிருள்ளவற்றின் வேலை என்று பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1850களின் கடைசியில் நிறுவும் வரை ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இன்று அந்த உயிரிடம் மருந்து வேலையும் வாங்குகிறோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்புறப் புரதத்துக்கான மரபணுவை ஈஸ்டுக்குள் செலுத்தினால், அது தன் வேலையோடு அந்தப் புரதத்தையும் செய்து தருகிறது. அந்த வழியில் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் தடுப்பூசியை மலிவாகக் கொண்டுவந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தையின் தொடையில் போடும் அந்த ஊசிமருந்து ஈஸ்ட் வளர்த்துத் தந்தது.