கீச்சிடும் பெல்ட், கேட்காத காது

கார் எஞ்ஜினின் கிறீச் சத்தத்தை அடக்குவது சுலபம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அடக்கினால் மலைப்பாதையில் வண்டி நிற்கும்.

தில்லியின் ஜனவரிக் குளிரானாலும் மும்பையின் ஜூலை மழையானாலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்துமிடத்தில் காலையில் கேட்கும் அந்தச் சத்தத்துக்கு மொழி பேதம் கிடையாது. சாவியைத் திருப்பியதும் எஞ்ஜின் உறுமுகிறது. கூடவே ஒரு 'கிறீச்'. பத்து விநாடிகளில் அடங்கிவிடுகிறது. காருக்குச் சொந்தக்காரரும் மறந்துவிடுகிறார். சில வாரங்களில் பத்து விநாடி ஒரு நிமிடமாகிறது. பிறகு ஏஸி போட்டாலும் கத்துகிறது. அப்போதுதான் பானட் திறக்கப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் தவறான வைத்தியத்துக்காக.

வைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. சோப்புக் கட்டியைத் தேய்ப்பது, முகப் பவுடரைத் தூவுவது, மெழுகு தடவுவது, கடையில் விற்கும் ஸ்பிரேயை அடிப்பது. எல்லாவற்றுக்கும் பலன் உண்டு: சத்தம் நின்றுவிடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ளவை ரப்பரை ஊறவைத்து மிருதுவாக்கிவிடும். பிசுபிசுப்பானவை நம் சாலைகளின் புழுதியை எல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். பெல்ட் சீக்கிரம் தேயும். கத்தியதற்கான காரணமோ அப்படியே இருக்கும்.

பெயர் மட்டும் பழசு

மெக்கானிக்குகள் இன்றும் 'ஃபேன் பெல்ட்' என்றுதான் சொல்கிறார்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து வார்த்தை அது. அந்தக் கார்களில் ஒரே ஒரு வி-பெல்ட் ரேடியேட்டர் மின்விசிறியை அல்ல, எஞ்ஜினோடு சேர்ந்து சுழலும் விசிறியையும், தண்ணீர் பம்ப்பையும், மின்சாரம் தரும் டைனமோவையும் சுழற்றியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது விசிறி மின்சாரத்துக்கு மாறிவிட்டது. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. மும்பையின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பெல்ட்டின் பொறுப்போ கூடியிருக்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் உள்பக்கம் நீளவாக்கில் வரிகள் ஓடும் தட்டையான ஒரே பெல்ட், ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், ஏஸி கம்ப்ரஸர் என்று பல புல்லிகளைச் சுற்றிவருகிறது. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் அதன் பம்ப்பும் பெல்ட்டை நம்பித்தான் இருக்கிறது. பெல்ட் ஒன்று, பிழைப்பவர் பலர்.

ஏன் கத்துகிறது?

பெல்ட் புல்லியைப் பற்றிக்கொண்டு ஓட வேண்டும். பற்றாமல் வழுக்கும்போது ரப்பர் அதிர்கிறது. அந்த அதிர்வுதான் சத்தம். ஸ்டார்ட் செய்ததும் கத்துவதற்கும் காரணம் உண்டு. ஸ்டார்ட்டர் உறிஞ்சிய மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பித் தர ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் உழைக்கும் நேரம் அது. அப்போது அதைச் சுழற்றுவது கடினம். பெல்ட் தளர்ந்திருந்தால் வழுக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் இந்தச் சுமை இன்னும் நீடிக்கும். குளிரில் ரப்பர் விறைப்பதும், மழை ஈரமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

காது கொடுத்துக் கேட்டால் சத்தத்திலேயே பாதி விடை கிடைக்கும். ஏஸி போடும்போதோ ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதோ நீளமாகக் கிறீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். குருவி கத்துவதுபோல விட்டுவிட்டு 'கீச் கீச்' என்றால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகப்படலாம். கரகரவென்று அரைக்கும் சத்தம் பெல்ட்டுடையதே அல்ல. ஏதோ ஒரு புல்லியின் பேரிங் தேய்ந்துவிட்டது. அங்கே எத்தனை புது பெல்ட் மாட்டினாலும் பணம்தான் விரயம்.

சந்தேகம் தீர, மெக்கானிக்குகள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் சுத்தமான தண்ணீரைத் தள்ளி நின்று பீய்ச்ச வேண்டும். உடனே சத்தம் அதிகமானால் இறுக்கம் போதவில்லை. சில விநாடிகள் அடங்கி மறுபடி கேட்டால் புல்லிகளின் நேர்கோட்டைச் சரிபார்க்க வேண்டும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி நுனி, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பதென்றால் எஞ்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான். சூடான எஞ்ஜினில் ரேடியேட்டர் விசிறி தானாகவே சுழல ஆரம்பிக்கக்கூடும்.

இறுக்கத்திலும் அளவு உண்டு

தளர்ந்திருந்தால் இறுக்கிவிடலாமே என்று தோன்றும். பழைய வி-பெல்ட்டில் அது சரிதான். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். துல்லியமான அளவு காரோடு தரப்படும் கையேட்டில் இருக்கும். சத்தம் நிற்கும்வரை முறுக்கிக்கொண்டே போவது வேறு வினை. ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப் ஆகியவற்றின் பேரிங்குகள் அந்த இழுப்பைத் தாங்காது. சில நூறு ரூபாய் பெல்ட்டைக் காப்பாற்றப் போய் பல ஆயிரம் ரூபாய் பாகங்கள் பலியாகும்.

புதிய கார்கள் பலவற்றில் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் தானாகவே இறுக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே சத்தம் வந்தால் பெல்ட்டோடு டென்ஷனரையும் பரிசோதிக்க வேண்டும். எண்ணெயோ கூலண்ட்டோ கசிந்து பெல்ட்டை நனைத்திருந்தால் முதலில் கசிவை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புது பெல்ட்டும் சில மாதங்களில் அதே பாட்டைப் பாடும்.

'வெடிப்பு இல்லையே, பெல்ட் நன்றாகத்தானே இருக்கிறது?' என்ற கேள்வியும் பழைய காலத்துடையது. முன்பு பெல்ட்டுகள் நியோப்ரீன் ரப்பரில் வந்தன. வயதானால் வெடிப்பு விடும், பார்த்தாலே தெரியும். இப்போதைய பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. இவை அவ்வளவு சீக்கிரம் வெடிப்பதில்லை. டயர் போலத் தேய்கின்றன. வரிகளின் ஆழத்தை அளந்தால்தான் வயது தெரியும்.

அறுந்தால் என்ன?

லோனாவ்லாவுக்கு ஏறும் மலைப்பாதையிலோ ஊட்டிச் சாலையிலோ பெல்ட் அறுந்தால், முதலில் டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். மின்சாரம் உற்பத்தியாவதில்லை என்று பொருள். தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால் சில நிமிடங்களில் வெப்பமானியின் முள் ஏறும். 'அடுத்த ஊர்வரை போய்விடலாம்' என்ற ஆசைதான் எஞ்ஜினின் சிலிண்டர் ஹெட்டைக் கோணலாக்குகிறது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு இணைந்தே சுழலும். அவற்றில் சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் பெடலும் இறுகிவிடும். இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓரமாக நிறுத்தி எஞ்ஜினை அணைப்பது. சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது.

இதைவிடப் பெரிய செலவு வைக்கும் இன்னொரு பெல்ட்டும் உண்டு. பல எஞ்ஜின்களில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட், உறைக்குள் மறைந்திருக்கிறது. வழுக்காதபடி பற்கள் வைத்த பெல்ட் என்பதால் அது பெரும்பாலும் கத்தி எச்சரிப்பதில்லை. அறுந்தால் பல எஞ்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி எல்லாம் வளைந்துபோகும். கையேடு சொல்லும் கிலோமீட்டரிலோ வருடத்திலோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவதே வழி. பழைய கார் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. எல்லாக் கார்களிலும் இது கிடையாது. பல எஞ்ஜின்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருக்கிறது.

வாங்கும் இடம்

தில்லியின் காஷ்மீரி கேட், பெங்களூரின் ஜே.சி. ரோடு, சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று உதிரிபாகச் சந்தைகளில் பெல்ட்டுக்குக் குறைவில்லை. மதுரை கோச்சடையிலேயே பெல்ட் தொழிற்சாலை இருக்கிறது. போலிகளுக்கும் குறைவில்லை. பழைய பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அதே எண்ணைக் கேட்டு, பில்லோடு வாங்குவது பாதுகாப்பு. ஏறக்குறைய அதே நீளம் என்று கடைக்காரர் எடுத்துத் தருவது 'ஏறக்குறைய' மட்டுமே ஓடும்.

நீண்ட பயணத்துக்கு முன் டயரில் காற்றுப் பார்ப்பவர்கள், பானட்டைத் திறந்து பெல்ட்டையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கழற்றிய பழைய பெல்ட் ஓடும் நிலையில் இருந்தால் டிக்கியின் மூலையில் கிடக்கட்டும். ஊர் இல்லாத இடத்தில் அறுந்தால், வழியில் கிடைக்கும் மெக்கானிக் அதை மாட்டி ஊர் வரை ஓட்டிவிடுவார்.