கணக்குக் காட்டிய டாக்டரம்மா

வங்கதேசம் என்றால் நம் இயக்கத்தாருக்கு முதலில் ஞாபகம் வருவது கத்திரிக்காய்தான். 2010-ல் நம் நாட்டில் பி.டி. கத்திரிக்காயை நிறுத்தி வைத்தார்கள். 2013-ல் அங்கே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஃபரிதா அக்தர். 1988 வெள்ளத்துக்குப் பிறகு டாங்காயில் மாவட்டத்துப் பெண்களோடு சேர்ந்து, பூச்சிமருந்து இல்லாத விவசாயமாக அவர் வளர்த்தெடுத்த நயாகிருஷி இயக்கத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் போனதும் முகமது யூனுஸ் தலைமையில் வந்த இடைக்கால அரசில், மீன்வளம் மற்றும் கால்நடைத் துறையின் ஆலோசகராக அவரை நியமித்தார்கள். ஆலோசகர் என்றாலும் வேலை மந்திரி வேலைதான்.

அது நியமனம். ஓட்டுக் கேட்டுப் போகிற கதை வேறு. அதே ஊரில், அதே மாற்றத்துக்குப் பிறகு, ஓட்டுக் கேட்டுப் போன இன்னொரு பெண்மணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் தஸ்னிம் ஜாரா. டாக்டர். வயது முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு. விவசாயத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அவர் பணத்தைக் கையாண்ட விதம், முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜர் புரட்டிய என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது.

டாக்கா மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மேற்படிப்பு. ஆதாரத்தை வைத்து மருத்துவம் பார்ப்பது எப்படி என்பதுதான் பாடமே. ஒரு மருந்து கேட்கும் என்று யாராவது சொன்னால், எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டீர்களா என்று கேட்கிற படிப்பு. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கொரோனா வந்தது. வேலை முடிந்து வந்து கேமரா முன்னால் உட்கார்ந்து, சாதாரண வங்காளியில் பேச ஆரம்பித்தார். வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எந்த மாத்திரையை வாங்கவே கூடாது. கொரோனாவில் ஆரம்பித்தது, கர்ப்பிணிகளுக்கு, வயிற்றெரிச்சல்காரர்களுக்கு, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு என்று விரிந்தது. 'சொஹாய்' என்ற பெயரில் ஓர் அமைப்பையும் தொடங்கினார். 2021-ல், தடுப்பூசி பற்றிய நம்பிக்கையை வளர்த்தவர்களில் ஒருவராக பிரிட்டிஷ் அரசு அவரைப் பாராட்டியது. அவரைப் பின்தொடர்பவர்கள் பல பத்து லட்சம் பேர்.

இவ்வளவு பேர் எப்படிச் சேர்ந்தார்கள்? இணையத்தில் உடம்பைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பெரும்பாலோர் கடைசியில் ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். அல்லது எல்லா நோய்க்கும் ஒரே கஷாயத்தைச் சொல்வார்கள். இந்தம்மா 'இதுக்கு ஆதாரம் இருக்கு, இதுக்கு இல்லை' என்று பிரித்துச் சொன்னவர். 'இல்லை' என்று சொல்கிறவரின் 'இருக்கு'க்குத்தான் மதிப்பு. வங்கியிலும் அப்படித்தான், எல்லா விண்ணப்பத்துக்கும் கடன் கொடுக்கிற மேனேஜரின் கையெழுத்தை மேலிடம் நம்பாது.

இங்கே நம்ம வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லியே ஆகணும். நம் இயற்கை அங்காடிகளில் தொங்குகிற அட்டைகளைப் பாருங்கள். இந்த அரிசி சர்க்கரையைப் போக்கும், அந்தச் சிறுதானியம் புற்றை விரட்டும், இந்த எண்ணெய் மாரடைப்பைத் தடுக்கும். நான் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன். நல்ல அரிசி, நார் அதிகம், ருசி இருக்கு, ரசாயனம் இல்லை. இதைத் தைரியமாகச் சொல்வேன். 'இன்சுலினை நிறுத்திடலாமா சார்?' என்று ஒரு வாடிக்கையாளர் போனில் கேட்டபோது, 'அதை உங்க டாக்டர்கிட்ட கேளுங்கம்மா, நான் அரிசி விக்கிறவன்' என்றேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு இதில் வருத்தம். 'நீங்க இப்படிப் பேசினா ஏவாரம் எப்படி ஆகும்?' என்றார். ஆகிறது. அந்தம்மா இன்னும் என்னிடம்தான் மாதா மாதம் வாங்குகிறார்.

அரசியலுக்கு வருவோம்.

2024 ஜூலையில் மாணவர்கள் நடத்திய எழுச்சியிலிருந்து ஒரு கட்சி பிறந்தது. 2025 பிப்ரவரி 28 அன்று டாக்காவில் அறிவித்தார்கள். பெயர் தேசியக் குடிமக்கள் கட்சி, சுருக்கமாக என்.சி.பி. ஜாரா அதில் மூத்த பொறுப்புக்கு வந்தார். டாக்டர்கள் பொதுவாழ்வுக்கு வருவது அந்த நாட்டுக்குப் புதுசு இல்லை. ஜஃப்ருல்லா சவுத்ரி என்ற பெரியவர் இருந்தார், 2023-ல் காலமானார். அவர் முன்னின்று கொண்டுவந்த 1982 மருந்துக் கொள்கைதான், 1,700-க்கும் மேற்பட்ட தேவையற்ற, தீங்கான மருந்துகளைச் சந்தையிலிருந்து வெளியேற்றியது. அவர் செய்தது கொள்கை அரசியல். ஜாரா இறங்கியது தேர்தல் அரசியல். கில்காவ், சபுஜ்பாக், முக்தா பகுதிகள் அடங்கிய டாக்கா-9 தொகுதி.

தேர்தல் என்றால் பணம். அந்த நாட்டுச் சட்டப்படி ஒரு வேட்பாளர் 25 லட்சம் டாக்கா, அல்லது ஓட்டருக்கு 10 டாக்கா வீதம், இதில் எது அதிகமோ அதுவரை செலவு செய்யலாம். டாக்கா-9-ல் ஓட்டர்கள் ஏறக்குறைய 4 லட்சத்து 69 ஆயிரம் பேர். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 47 லட்சம் டாக்கா வருகிறது. நடைமுறையில் கோடிக்கணக்கில் இறைக்கிறார்கள், பிறகு சட்டத்துக்குள் செலவானதாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதை அவரே வெளிப்படையாகப் பேசினார். அந்தக் கணக்கு எழுதும் கலை நமக்கும் தெரிந்ததுதான், விடுங்கள்.

2025 டிசம்பரில் அவர் மக்களிடம் கேட்டார். சட்டம் அனுமதிக்கிற தொகை மட்டும் வேண்டும், அதற்கு மேல் ஒரு டாக்காகூட வேண்டாம். ரொக்கமாக வாங்க மாட்டேன். பிகாஷ் என்ற கைபேசிப் பணக்கணக்கு ஒன்று, வங்கிக் கணக்கு ஒன்று, அவ்வளவுதான் வழி. வந்தது இவ்வளவு என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் பிகாஷ் கணக்கின் வரம்பு முட்டிவிட, வங்கிக் கணக்கு மட்டும் ஓடியது. சுமார் 29 மணி நேரத்தில் இலக்கு நிறைந்தது. நிறைந்ததும் போதும் என்று நிறுத்திவிட்டார். வசூல் நன்றாக ஓடும்போது நிறுத்தியவர்களை நான் என் சர்வீஸில் அதிகம் பார்த்ததில்லை. கோயில் திருப்பணிக் கமிட்டி ஆகட்டும், சங்கக் கட்டட நிதி ஆகட்டும், 'வருது, வரட்டும்' என்பதுதான் வழக்கம்.

நோக்கம் மாறினால்?

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பணம் சேர்ந்து சில நாட்களில், என்.சி.பி. ஜமாத்-இ-இஸ்லாமியோடு கூட்டணி சேர்வது உறுதியாகிக்கொண்டு வந்தது. கட்சிக்குள் பலருக்கு, குறிப்பாகப் பெண்களில் பலருக்கு, அது ஒப்பவில்லை. டிசம்பர் 27 அன்று ஜாரா விலகினார். எந்தக் கட்சிக்கும் கூட்டணிக்கும் வேட்பாளர் இல்லை, சுயேச்சையாக நிற்கிறேன் என்று அறிவித்தார். அதே அறிவிப்பில், நன்கொடை கொடுத்தவர்களில் யாருக்காவது இந்த முடிவு பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இந்தப் படிவத்தை நிரப்புங்கள் என்றும் சொன்னார்.

கடன் கொடுக்கும்போது வங்கியில் ஒரு விதி உண்டு. மாடு வாங்க என்று வாங்கின பணத்தில் மாடுதான் வாங்கணும். நோக்கம் மாறினால் கடனைத் திருப்பிக் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. நன்கொடைக்கு அப்படி ஒரு விதி யாரும் எழுதி வைக்கவில்லை. கொடுத்தவன் கேட்கவும் மாட்டான். கட்சி வேட்பாளருக்கு என்று நினைத்துக் கொடுத்தவனிடம், 'நான் இப்போ அது இல்லை, உன் காசு உனக்கு வேணுமா?' என்று வாங்கினவரே போய்க் கேட்பது சாதாரண விஷயம் இல்லை. தேர்தலுக்கு ஆறேழு வாரம், கையில் இருப்பது அந்தப் பணம் ஒன்றுதான், கட்சியும் போச்சு. அந்த நேரத்தில் கேட்டார்.

சுயேச்சையாக நிற்க, தொகுதி ஓட்டர்களில் ஒரு சதவீதம் பேரின் கையெழுத்து வேண்டும். அதாவது 4,693 பேர். மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் டிசம்பர் 29. ஒன்றரை நாள்தான் இருந்தது. வாங்கிவிட்டார். தேர்தல் அதிகாரி அதில் பத்துப் பேரை மாதிரிக்கு எடுத்துச் சரிபார்த்தார். எட்டுப் பேர் சரி, இரண்டு பேர் அந்தத் தொகுதி ஓட்டர்களே இல்லை என்று மனு தள்ளுபடி. கில்காவ் பகுதி இரண்டு தொகுதியாகப் பிரிந்து கிடக்கிறது. தான் எந்தத் தொகுதி என்பது அங்கே குடியிருப்பவனுக்கே குழப்பம். மேல்முறையீடு செய்தார், ஜனவரியில் தேர்தல் ஆணையம் மனுவை ஏற்றுக்கொண்டது. கால்பந்துச் சின்னம் கிடைத்தது. (மாதிரிச் சோதனை எனக்குப் பழகினது. பத்தில் இரண்டு தப்பு என்றால் ஆடிட்டர் விடமாட்டார், உண்மை. ஆனால் தப்பு யாருடையது, வாடிக்கையாளருடையதா, முகவரிப் பதிவேட்டினுடையதா என்று பார்க்காமல் கணக்கை மூடவும் மாட்டார்.)

2026 பிப்ரவரி 12 அன்று தேர்தல். அவர் ஜெயிக்கவில்லை. அந்தத் தொகுதியில் பி.என்.பி. வேட்பாளர் வென்றார். ஜாராவுக்கு 44 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு, மூன்றாவது இடம். அவர் விட்டு வந்த கட்சியின் வேட்பாளரே அவரைவிட அதிகம் வாங்கியிருந்தார்.

பல பத்து லட்சம் பேர் பார்த்த முகத்துக்கு 44 ஆயிரம்தானா என்று கேலி பேசுவது எளிது. வீடியோ பார்க்கிறவன் சிட்டகாங்கில் இருப்பான், சவூதியில் இருப்பான், லண்டனில் இருப்பான். ஓட்டு டாக்கா-9-ல் மட்டும்தானே விழணும்? தவிர, ஒரு கட்சிக்குப் பூத்துக்குப் பூத்து ஆள் உண்டு. பந்தலுக்கு, சாப்பாட்டுக்கு, மழை வந்தால் ஆட்டோவில் பாட்டியை ஏற்றிக்கொண்டு வர ஆள் உண்டு. கைபேசியில் சம்பாதித்த நம்பிக்கை அந்த வேலையைச் செய்யாது. என்னைக் கேட்டால், கட்சி இல்லாமல், கூட்டணி இல்லாமல், கிட்டத்தட்ட ஆறு வாரத்தில் 44 ஆயிரம் பேர் கால்பந்தில் குத்தியதுதான் ஆச்சரியம்.

இன்னொரு பக்கமும் உண்டு. டாக்டராக இருந்தவரை எல்லாக் கட்சிக்காரனும் அவர் சொன்னதைக் கேட்டான். கட்சிப் பேர் ஒட்டினதும், 'இது மருத்துவமா, பிரசாரமா?' என்று பாதிப் பேர் சந்தேகப்படுவான். நாளைக்கு ஒரு தொற்று வந்து அவர் பேச வேண்டியிருந்தால் அந்த நஷ்டம் தெரியும். அது அவருக்கு மட்டுமான நஷ்டம் இல்லை, கேட்க வேண்டியவனுக்கும் நஷ்டம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. நம் இயக்கத்திலும் வீடியோவில் பாடம் சொல்லிப் பேர் வாங்கின இளைஞர்கள் இருக்கிறார்கள். ஜீவாமிர்தம், மீன் அமிலம், மூடாக்கு எல்லாம் அவர்களிடம் கற்றவர்கள் நம்மில் பலர். தேர்தல் வரும்போதெல்லாம் 'நம்மாளு ஒருத்தரை நிறுத்துவோம்' என்ற பேச்சும் வருகிறது. போன மாதக் கூட்டத்திலும் வந்தது. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் பேச்சு ஆரம்பித்த பத்தாவது நிமிஷமே ஒருவர் துண்டை விரித்து வசூலைத் தொடங்கப் பார்த்தார்.

நான் எழுந்து நாலு விஷயம் சொன்னேன். தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. ரொக்கம் வேண்டாம். எவ்வளவு தேவையோ அதை முதலிலேயே சொல்லி, நிறைந்ததும் நிறுத்தணும். வேட்பாளர் கட்சி மாறினாலோ, நிற்காமல் விட்டாலோ, பணம் எப்படித் திரும்பும் என்பதை ரசீதின் பின்பக்கத்தில் அச்சடிக்கணும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார்: 'மேனேஜர் சார், ரசீது அடிக்கிற செலவை யாரு தர்றது?' முதல் ஐந்நூறை நானே போட்டேன். ஜிபேயில்தான். துண்டில் இல்லை.